கட்டுச்சோற்று விருந்தன்று நான் அளக்கவில்லை

ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குப்பியையும் வெள்ளைக் கோட்டையும் நினைத்துக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். என் ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் ஒரு பழைய ஸ்கூட்டி, ஒரு பிரஷர் மிஷின், கொஞ்சம் படிவங்கள். கர்ப்பகாலத்தில் ஏறும் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வு நடத்தியது. மோகனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய் அளந்து எழுதுவது என் வேலை. அழுத்தம் கூடியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். பிரசவம் ஆனதும் மறுபடி போய், தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கத்தை நிரப்ப வேண்டும்.

நான் அளந்துவந்தவர்களில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது, முதல் கர்ப்பம். கணவனுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. ஒவ்வொரு முறையும், "புள்ள நல்லா இருக்குதுங்களா அக்கா?" என்று கேட்பாள், என்னவோ என் மிஷினுக்குள் பிள்ளை தெரிவது போல. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஒன்பதாம் மாதத்தில் அவளை அளக்க வேண்டிய நாளன்றே கட்டுச்சோற்று விருந்தும் வந்துவிட்டது. பெண் வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டி எடுத்துவந்து விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற நாள் அது. அவளுடைய தாய் வீடு மேட்டூருக்கு அந்தப் பக்கம். எங்கள் ஆய்வின் எல்லை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

நான் போனபோது வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அளவுக்கு வாங்கிவந்த வளையல் புறங்கையைத் தாண்டவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை ஊட்டுச் சோறு நல்லா ஒட்டியிருக்குதுங்கோ!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். கை வீங்கினால் கவனி, தலை வலிக்கிறதா என்று கேள், இரண்டும் அழுத்தம் ஏறியதன் அறிகுறி என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கவனித்தேன், சிரித்தேன்.

பையைத் திறந்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காரியத்தன்னைக்கு மிசினு எதுக்குங்க? அங்க போயிப் பாத்துக்கறமுங்க. நீங்க வந்து உக்காந்து சாப்புடுங்க."

இரண்டு நிமிட வேலை. மிஷினின் பட்டையைச் சுற்றுவது மேல்கையில், அதற்கு வளையல் ஒரு தடையே இல்லை. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் அடம்பிடித்து அளந்திருப்பேன். நான் இந்த ஊர்க்காரி. விருந்தில் எதைச் செய்தால் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். எலுமிச்சைச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாலையில் படிவத்தில் "தாய் வீடு சென்றார்" என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே இருந்தது.

பதினோராம் நாள் தாய் வீட்டில் அழுத்தம் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. அவள் பிழைத்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கணவன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கடைசிப் பக்கத்தை நிரப்பப் போனேன். பாயை விரித்துப் போட்டாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள். "என்ற தப்புதானுங்க அக்கா. அம்மா ஊட்டுல வாய் கேட்டுதுன்னு ஊறுகாயாத் தின்னேன். அந்த உப்புதான் புள்ளையக் கொன்னுபோட்டுது."

யாரோ அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பியிருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தவறு ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆயுள் முழுக்க இவள் ஊறுகாயைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள்.

"ஊறுகாய் இல்ல சாமி," என்றேன். "விருந்தன்னைக்கு உன்ற கை வீங்கியிருந்துது. நான் பாத்தேன். அளந்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அளக்காம உட்டுட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"அன்னைக்குக் காத்தால இருந்தே தலை வெடிக்கறாப்பல வலிச்சுதுங்க அக்கா," என்றாள். "நல்ல நாளும் அதுவுமா நானா எப்படிச் சொல்றது? நீங்க கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க."