பத்தொன்பது வருடமாக ஆண்டு ஒன்று

வத்தேகம பஸ் கட்டுகஸ்தோட்டையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்க, சுகிர்தா டீச்சர் கண்டக்டரின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகிறார். "கீழ இருந்து ஆரம்பிக்கணும் கண்ணு, அப்பதான் கோணாது." கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது. வயதும் நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆனாலும் நாடியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்.

பத்தொன்பது வருடமாக ஆண்டு ஒன்று வகுப்புக்குப் படிப்பிப்பவர் டீச்சர். அவர் கண்ணுக்கு உலகத்தில் எல்லோருக்கும் ஆறு வயதுதான். மாநகர சபையில் வேலை செய்யும் கணவர் கணேஸ், கழுவிய கைகளைப் புரட்டிக் காட்டிய பிறகே சாப்பாட்டு மேசையில் உட்காருவார். வங்கிக்குப் போனால் வரிசையில் நிற்பவர்களை உயரப்படி நிறுத்த டீச்சருக்குக் கை துறுதுறுக்கும். ஒருமுறை நான்தான் அவரை வெளியே இழுத்து வந்தேன்.

நான் பக்கத்து அறையில் ஆண்டு இரண்டு டீச்சர். அவர் வளர்த்துவிடும் பிள்ளைகளைத் தைமாதம் வாங்கிக்கொள்வது நான். அதனால் அவரைக் கேலி செய்யும் முழு உரிமையும் எனக்கு உண்டு.

போன மூன்றாம் தவணை முடிவில் அந்தக் கேலி எனக்கே மறந்துபோனது. இந்த ஆண்டில் தொழிலில் எப்படி வளர்ந்தோம் என்று ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் றிஸ்வி சேர் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார் எங்கள் பாடசாலை அதிபர். டீச்சர் ஒரே இடத்தில் தேங்கிவிட்டார் என்று அடுத்த வருடப் பட்டியலில் அவர் பெயரை ஆண்டு ஆறுக்குப் போட்டும் வைத்திருந்தார். சேர் சரி என்றால் மாற்றம் முடிவு.

"ஐயோ, அதுங்களுக்கு மீசை மொளச்சிரும். நான் என்னா செய்வேன்?" என்று டீச்சர் கலங்கிப்போனார். பெரிய ஆட்களோடு பெரிய ஆட்கள் மாதிரிப் பேச, இடைவேளைகளில் என்னிடம் ஒத்திகை பார்த்தார். "கற்றல் பேறுகளைப் பொறுத்தவரை" என்று கம்பீரமாகத் தொடங்குவார். அடுத்த மூச்சிலேயே, "கற்றல் பேறு எங்க ஒளிஞ்சிருக்கு? ஆ, இந்தா இருக்கு!" என்று கை தட்டிவிடுவார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

டீச்சர் பேசும் நாளில், அடுத்த முறை என்னுடையது என்பதால் அதிபர் அறையிலேயே ஒரு கதிரையில் நானும் இருந்தேன். றிஸ்வி சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"புள்ளைகள் எல்லாம் மேல போறாங்க. நீங்க மட்டும் ஒரே வகுப்புல ஈக்கிறீங்க. எங்க டீச்சர் வளர்ந்தீங்க?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போய்விட்டது.

"மொத வருசம் அழுவுற புள்ளைய அதட்டுனேன் சேர். பொறகு கொஞ்ச வருசம் டொபி குடுத்தேன். டொபிக்காகவே அழுதுச்சுங்க. போன வருசந்தான் கண்டுபிடிச்சேன். அழுவுற புள்ளைய கதவுகிட்ட நிப்பாட்டி, 'யாரும் உள்ள வராம பாத்துக்க, ஒன்னைத்தான் நம்பியிருக்கேன்'னு சொல்லணும். காவல் காக்குற புள்ள அழுவாது சேர். இத கத்துக்கவே இத்தன வருசம் போச்சு. இன்னும் எவ்வளவோ தெரியல. ஆறுக்கு அனுப்பிட்டா மிச்சத்த எங்க போயி படிப்பேன்?"

குரல் உடைந்தது. இந்த வருடம் அந்தக் காவல்காரர்கள் என்னிடம் வந்தபோது ஒருவர்கூட அழவில்லை. அது என்னுடைய கெட்டித்தனம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

றிஸ்வி சேர் அதிபரைப் பார்த்தார். பிறகு பட்டியலில் ஆறை வெட்டி ஒன்றைப் போட்டார்.

"ஒண்ணாம் ஆண்டுலயே ஈங்க டீச்சர்."

டீச்சர் முகம் அப்படியே மலர்ந்தது. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். நான் தடுக்குமுன் சேரின் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையில் நட்சத்திரம் ஒன்று போட்டார்.

"கெட்டிக்காரப் புள்ள. மை காயிற வரைக்கும் தொடக்கூடாது, என்ன?"

அதிபர் தலையில் கை வைத்துக்கொண்டார். றிஸ்வி சேர் விரல்களை விரித்து, கையை மேசைக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.