கிளிக்கர் விழும் இடம்

என் வலது தோள் கெட்டது வில்லால் அல்ல, பெட்டியால். சென்னையிலிருந்து திரும்பிய காலை, சிட்னி விமான நிலையத்தில் சுழன்று வந்த எங்கள் பெட்டியை நான் ஒரே இழுப்பில் தூக்கினேன். உள்ளே சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஒரு தோசைக்கல். எல்லாவற்றையும் முறைப்படி அறிவித்துத்தான் கொண்டுவந்தோம். தோளுக்குள் பழைய சேலை கிழிவது போல ஏதோ கிழிந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பெட்டிக்குக் கணவரைக் கை காட்டினேன்.

தசைநார் கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டார். வில்வித்தை என்றேன். அதுவரை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். சேலை கட்டிய நடுவயதுப் பெண்ணிடமிருந்து அவர் எதிர்பார்த்தது யோகாவாக இருந்திருக்கலாம். "மறுபடி எய்யலாம். அதே வில்லை எய்யலாமா என்பதைத் தோள்தான் சொல்லும்," என்றார்.

நான் மருத்துவ ஆய்வகம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கருவிகள் சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் தொழில். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. அறுவைக்கு முந்தைய வாரம் வில்லைப் பிரித்து உறையில் வைத்தபோது, எந்தத் திருகு எங்கே இருந்தது, எந்தத் தகடு எந்த இடத்தில் நின்றது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். திரும்பி வரும்போது எதையும் தேட வேண்டியிருக்காது என்று அவ்வளவு திருப்தி.

கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டிருந்த வாரங்களில் தினமும் எழுதும் நாட்குறிப்பை இடது கையால் எழுதினேன். எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளையுடையவை போல நடந்தன.

"ஏம்மா, அதுக்கும் சேத்து லீவு விடேன்," என்றார் கணவர்.

"லீவு விட்டா விட்ட இடம் தெரியும்ல."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் அதோடு விட்டிருக்கலாம். சிட்னிப் புறநகரான கெல்லிவில்லில் எங்கள் வீட்டுக் கராஜில் ஓர் அலமாரி இருக்கிறது. அதில் பாதி என் வில்லும் அம்புகளும், மீதிப் பாதியில் அவருடைய எல்லாமும். "தைச்ச தோளை வச்சுக்கிட்டு எதுக்கு ரிஸ்க்கு? நல்ல வில்லு, யாராவது சந்தோஷமா வாங்கிப்பாங்க," என்றார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இங்கே ஆகஸ்டில் குளிர்காலம் முடிவதற்குள் அந்த வில்லை என்னால் பழையபடி எய்ய முடிந்தால் அது இருக்கும், முடியாவிட்டால் விற்றுவிடுவது. ஒப்புக்கொண்டது நான்தான். பல ஆண்டுகள் சிறிது சிறிதாகப் பழகி என் கைக்குப் படிந்த வில் அது. சொன்ன சொல் மாறுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பதை அப்போது கொஞ்சம் வெறுத்தேன்.

பிளாக்டவுனில் எனக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட் மலேசியத் தமிழர், என்னைவிட இருபது வயது இளையவர். முதல் நாளே ஆன்ட்டி என்று கூப்பிட்டு என்னை வயதில் ஒரு படி ஏற்றிவிட்டார். நீளமான ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, கதவுக் கைப்பிடியில் மாட்டி மெதுவாக இழுக்கச் சொன்னார்.

"ஆன்ட்டி, ரப்பரைத்தான் இழுக்கணும். கோவத்தையும் சேத்து இழுக்கக் கூடாது லா."

"நான் கோவமா இல்லையே."

"உங்க தோள் காதுக்கிட்ட வந்திருக்கு. அது கோவந்தான்."

இதிகாச வில்லாளிகள் யாருக்கும் பிசியோ தேவைப்பட்டதாகக் குறிப்பு இல்லை. நான் தினமும் படுக்கையறைக் கதவோடு போராடினேன். ஒருநாள் மறுபக்கத்திலிருந்து கணவர் கதவைத் திறக்க, பட்டை தெறித்து அவருடைய காபியில் விழுந்தது. அதன்பிறகு அவர் தன் வீட்டிலேயே கதவைத் தட்டிவிட்டு வரப் பழகிக்கொண்டார்.

ஜூலையில், இலேசான வில்லாக இருந்தால் எய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. எங்கள் கிளப்பில் இலேசான வில் என்றால் புதியவர்களுக்கான மர வில்தான். ஆரஞ்சு நிறம். பிறந்தநாள் கொண்டாட வந்த பிள்ளைகளுக்கும் எனக்கும் சேர்த்து மிக அருகிலுள்ள இலக்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு தந்தை, அன்று காலைதான் முதன்முதலாக வில்லைத் தொட்டவர், என் முழங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். நன்றி சொன்னேன். அவர் சொன்னது சரியாகவும் இருந்ததுதான் வருத்தம்.

ஆனால் அம்புகள் போயின. ஒன்றையடுத்து ஒன்றாக நடு மஞ்சளுக்குள் போய் நெருங்கி நின்றன. தோள் வலிக்கவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கொஞ்சம் கனமான வில், அதைவிடக் கனமான வில் என்று ஏறினேன். இனி என்னுடையதுதான் பாக்கி.

கிளப்பில் என் இலக்குத் துணை யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். ஒரே இலக்கில் சேர்ந்து எய்கிறவர்களை அப்படித்தான் சொல்வோம். தொழிலால் பல் மருத்துவர். சனிக்கிழமை தவறாமல் மடக்கு நாற்காலியும் ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணியுமாக வருவார். நான் இல்லாத மாதங்களில் எங்கள் இலக்கின் இடப்பக்கத்தில் வேறு யாரையும் நிற்க விடவில்லையாம்.

"கேட்டவங்களுக்கு என்ன சொன்னீங்கக்கா?"

"ஆள் டொய்லெட்டுக்குப் போயிருக்கிறா எண்டனான்."

"அத்தனை மாசமாவா?"

"ஒருத்தரும் கணக்குப் பாக்கேல்லை."

என் வில் விலைக்கு வரக்கூடும் என்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த, ஏறக்குறைய என் உயரமே உள்ள ஓர் ஆஸ்திரேலியப் பெண் மிகப் பணிவாக வந்து கேட்டார். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

"நல்ல பிள்ளைதான்," என்றார் அக்கா, அவர் நகர்ந்ததும். "ஆனா அவ உம்மட வில்லைப் பாக்கிற பார்வை எனக்குப் பிடிக்கேல்லை."

அந்தச் சனிக்கிழமை வந்தது. மைதானத்து ஓரத்தில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. புல் ஈரத்தில் காலணி நனைந்தது. வில்லைப் பூட்டினேன். ஒவ்வொரு திருகையும் வெள்ளைப் புள்ளிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். கடைசியாகக் கிளிக்கர். வில்லின் பக்கத்தில் திருகியிருக்கும் மெல்லிய தகடு அது. அம்பை அதன் அடியில் செருகிவிட்டு நாணை இழுக்க வேண்டும். இழுப்பு முழுமையடையும்போது அம்பின் நுனி தகட்டைத் தாண்டிப் பின்னால் நழுவும். தகடு வில்லில் பட்டு 'டிக்' என்னும். கேட்டால் அம்பை விடலாம். கேட்காவிட்டால் விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுத்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அதையும் அதன் புள்ளியில் நிறுத்தினேன்.

ஒரு விசில். எய்யத் தொடங்கலாம் என்று அர்த்தம். இழுத்தேன். நாண் முகவாய்க்கு வந்தது, வழக்கம்போல உதட்டைத் தொட்டது. கிளிக்கர் விழவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தோள் காதை நோக்கி ஏறியது. தகடு அசையவில்லை. இறக்கினேன். மறுபடி இழுத்தேன். மறுபடி இறக்கினேன். இருபுறமும் அம்புகள் இலக்கில் பொத் பொத்தென்று இறங்கிக்கொண்டிருந்தன.

வரிசையில் உள்ள கடைசி ஆள் முடிக்கும்வரை ஒருவரும் இலக்கை நோக்கி அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. மற்ற எல்லாரும் முடித்துப் பின்னால் போய் நின்றார்கள். நல்ல மனிதர்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார். இருவர் முன்தினத்து ரக்பியைப் பற்றி மெல்லிய குரலில் பேசினார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. ஓர் அம்பும் எய்யாமல், எய்யும் கோட்டிலிருந்து பின்னால் வந்தேன். மூன்று விசில் ஒலித்தது, எல்லாரும் அம்பு பிடுங்கப் போனோம். எனக்குப் பிடுங்க ஒன்றும் இல்லை. துணைக்குத்தான் போனேன்.

"என்ன பிள்ளை, அம்புகளை அப்பிடியே வீட்டை கொண்டுபோற யோசினையோ?" என்றார் அக்கா.

"கிளிக்கர் விழ மாட்டேங்குதுக்கா."

"நோகுதோ?"

"வலி இல்ல. அதான் புரியல. வலிக்கவும் இல்ல, வரவும் இல்ல." அடுத்த இலக்கில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "அவங்ககிட்ட வில்லை எடுத்துக்கச் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

அக்கா தன் அம்பு ஒன்றைத் திருகி இழுத்து எடுத்தார். "சின்ன வில்லிலை கிளிக்கர் இருந்ததோ?"

"இல்ல."

"அப்ப எப்பிடி எல்லாம் மஞ்சளுக்கை போனது?"

அவர் எடுத்த அம்பை நான் கையில் வாங்கிக்கொண்டேன்.

"அந்தத் தகட்டை ஒருக்காத் திருப்பிப்போட்டு எய்யும்."

"கிளிக்கர் இல்லாமலா?"

சீட் பெல்ட் போடாமல் ஓட்டச் சொன்னதுபோல நான் கேட்டிருக்க வேண்டும். அக்கா சிரித்தார். "இல்லாமல்தான். நான் பக்கத்திலை நிண்டு நுனியைப் பாக்கிறன். நான் பல்லுப் பாக்கிறவள், மில்லிமீற்றர் எனக்குத் தெரியும்."

அடுத்த சுற்றில் தகட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு இழுத்தேன். நாண் முகவாய்க்கு வந்தது. தோள் தன் இடத்தில் இருந்தது. விட்டேன். மஞ்சளைவிடக் கொஞ்சம் கீழே, ஆனால் நேராகப் போய் நின்றது. அடுத்தது அதன் பக்கத்தில். அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில்.

"எங்க நிக்குது நுனி?" என்று கேட்டேன்.

"ஒரே இடத்திலைதான். ஒவ்வொரு முறையும். உம்மட புள்ளிக்கு இந்தளவு முன்னாலை." சுண்டு விரல் நகத்தைக் காட்டினார். "தோள் பிழையில்லை பிள்ளை. அந்தத் தகடுதான் இன்னும் பழைய தோளைத் தேடிக்கொண்டு நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. ஆய்வகத்தில் ஒரு கருவியைப் பழுதுபார்த்து எடுத்துவந்து, மறுபடி அளந்து பார்க்காமல் பழைய அளவீட்டிலேயே யாராவது ஓட்டினால் முதலில் நிறுத்துவது நான்தான். சிவப்புச் சீட்டு ஒட்டி, சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவேன். என் தோளையும் பிரித்து, தைத்து, இறுக்கித்தான் கொடுத்திருந்தார்கள். அது இப்போது ஒரு நகத்தளவு குறைவாக இழுக்கிறது, அவ்வளவே. நானோ பழைய அளவுக்குப் புள்ளி வைத்து, அதை எட்டவில்லையே என்று வில்லை விற்கப் பார்த்தேன்.

திருப்புளியை எடுத்துத் தகட்டைத் தளர்த்தினேன். வெள்ளைப் புள்ளியை விட்டு அதை நகர்த்த ஒரு கணம் கை வரவில்லை.

"தள்ளும்," என்றார் அக்கா. "ஒருத்தரும் பொலிசுக்குச் சொல்லமாட்டினம்."

ஒரு நகத்தளவு முன்னால் தள்ளி இறுக்கினேன். ஒரு விசில். இழுத்தேன். விழவில்லை. இறக்கினேன். மூச்சு விட்டு மறுபடி இழுத்தேன், அவசரப்படவில்லை. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள் என்பது சத்தம் அடங்கியதில் தெரிந்தது. மறுபடி எல்லாரும் பின்னால் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோபத்தைச் சேர்த்து இழுக்கக் கூடாது லா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். தோள் கீழே இறங்கியது.

டிக்.

அம்பு போய்விட்டது. அடுத்தது, டிக். பிறகு மீதியும். கடைசி அம்பு இறங்கியதும் நான் கோட்டிலிருந்து பின்னால் வந்தேன். மூன்று விசில்.

வரிசை முழுவதும் நடந்தது. வில்லைக் கேட்டிருந்த பெண் அடுத்த இலக்குக்குப் போகிற வழியில் என்னோடு சில அடி சேர்ந்து நடந்தார். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவரே, "சத்தம் கேட்டது. நான் வேறு வில் பார்த்துக்கொள்கிறேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அக்காவின் கணிப்பு தவறு, அவருடைய பார்வையில் ஒரு குறையும் இல்லை.

தேத்தண்ணி நேரத்தில் கணவர் அழைத்தார். "என்னாச்சும்மா? அலமாரில எடம் கெடைக்குமா?"

"கெடைக்காதுங்க."

"சரி, அந்தத் தோசைக்கல்லையாவது எடுத்து உள்ள வை. அதுக்காகத்தானே தோளே போச்சு. இன்னும் கராஜ்லதான் கெடக்கு."

கிளிக்கரின் புதிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வெள்ளை நகப்பூச்சைக் கொண்டுவரவில்லை. தேவைப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அக்கா கைப்பையைத் துழாவி ஒரு குப்பியை எடுத்தார். கல்யாண வீட்டுக்குப் போட்டு மிச்சமிருந்த அடர் சிவப்பு. என் வில்லில் அது கொஞ்சமும் பொருந்தாத நிறம்.

"சின்னதா வைங்கக்கா," என்றேன்.

அக்கா பெரிதாகவே வைத்தார்.