மூன்று காவலாளிகளும் ஒரு கப்பலும்

திருவொற்றியூரில் நாங்கள் நடத்திவந்த படிப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே புதிதாக ஒரு பொருள் வந்துவிட்டால், அதனோடு தம் பங்குக்கு எதையாவது சேர்க்காமல் யாரும் இருக்கமாட்டார்கள். மின்விசிறி வந்த மாதம் ஒருவர் ரெகுலேட்டர் வாங்கித் தந்தார். இன்னொருவர் இறக்கைகளுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். புதிய நூற்றாண்டு பிறந்து ஓரிரு ஆண்டுகளில், மணலியில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினி எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் இந்த அன்பிலிருந்து தப்பவில்லை.

லாரி ஷெட்டில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் சிடியோடு வந்து, வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். வண்ணாரப்பேட்டையில் குடைக்கடை வைத்திருந்த பாய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். கூடவே, திரைக்குள் அடிவிளிம்பில் புகைவிட்டபடி ஊர்ந்து, மணிக்கொரு முறை சங்கு ஊதும் சிறு கப்பலையும். மூன்றாவது தடுப்பு நிரலை நிறுவியவன் நான். ஒரு வாசலுக்கு மூன்று காவலாளிகள் இருப்பது நல்லதுதானே என்று, பட்டம் பெற்றவன் என்கிற துணிச்சலில் விளக்கமும் சொன்னேன்.

அந்தக் கணினியில் தினமும் மாலையில் ஒரு மணிநேரம் தட்டச்சுப் பழகியவர், எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெண்மணி. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். காசிமேட்டில் இறால் உரிக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. நாள் முழுதும் ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போகும் அந்த வேலையிலிருந்து வெளியேற ஒரு வழி திறந்திருந்தது. எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகம், தட்டச்சுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கவிருந்தது.

ஆனால் அவர் தட்டிய எழுத்து திரையில் உடனே வரவில்லை. வரவில்லையே என்று மறுபடி தட்டுவார்; இரண்டாக வரும். அதை அழிக்கப்போய் நல்ல எழுத்தும் சேர்ந்து அழியும்.

"கை செத்துப்போச்சு தம்பி," என்றார் ஒரு சனிக்கிழமை. "திங்கக்கெயம பரிச்சைக்கு நான் போவல. அங்க போயி மானம் போறதுக்கு, இங்கயே இறாலு உரிச்சிகினு கெடக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் பழகுங்கக்கா. வந்துடும்," என்றேன். யாருக்கும் நான் கொடுத்துவந்த ஒரே மருந்து அதுதான்.

சலிப்போடு கடைசி வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்து முடித்தவர், கைகளைத் தூக்கி அவிழ்ந்த கொண்டையை முடியத் தொடங்கினார். திரையில் எழுத்துகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக, சாவகாசமாக வந்துகொண்டே இருந்தன.

"இன்னா தம்பி இது? நான் எடுத்தப்புறமும் அது அட்ச்சிகினு கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எப்போதோ வரியின் முடிவுக்குப் போய்விட்டார். கணினிதான் பின்னால் வந்துகொண்டிருந்தது. இறால் ஓட்டை ஒரே இழுப்பில் கழற்றும் விரல்களை மந்தமானவை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். நாங்கள் அழைக்காமலே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தவற்றின் பட்டியல் நீளமாக வந்தது. மூன்று காவலாளிகளும் அதில் இருந்தார்கள். ஒருவர் சோதித்த கோப்பை அடுத்தவர் சோதித்து, ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணினிக்கோ நினைவகம் சிறிது. இடம் போதாமல் எதையாவது வன்வட்டில் இறக்கிவைப்பதும் மறுபடி ஏற்றுவதுமாக அல்லாடிக்கொண்டிருந்தது. அப்போது எழும் 'கர் கர்' ஓசையைத்தான் நாங்கள் உழைப்பு என்று மெச்சியிருந்தோம்.

கண்ட பெயரை நிறுத்தினால் கணினியே நின்றுபோகலாம். கொடுத்தவரைக் கேளாமல் நீக்கினால் மனம் நோகும். ஆகவே ஞாயிறு காலை இருவரையும் வரச்சொல்லி, பட்டியலைக் காட்டினேன்.

"ஒரு ஸ்டீரிங்க மூணு பேரு புட்சா வண்டி எப்டி நைனா ஓடும்?" என்றார் மெக்கானிக்.

"அதுல ஒருத்தன் நீதான மாமு," என்றார் பாய்.

"நானாவது ஆள ஏத்துனேன். நீ கப்பலயே ஏத்திக்கீற."

என்னுடையதை முதலில் நீக்கினேன். மற்ற இரண்டில் எது இருப்பது என்பதில் பெரிய இழுபறி. உன்னுடையதே இருக்கட்டும் என்று இருவரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மெக்கானிக்குடையது நிலைத்தது. கப்பலை நீக்கவேண்டியதில்லை, கணினியோடு சேர்ந்து தானே கிளம்பாமல் செய்தால் போதும் என்றேன்.

"கூப்டா வருமா?"

"வரும் பாய்."

"அப்ப தூங்கட்டும்."

கணினியை அணைத்துப் போட்டோம். கூப்பிட்டனுப்பிய அக்கா வந்து உட்கார்ந்தார். விரல் விழுந்த கணத்தில் எழுத்து விழுந்தது. முதல் வரியில் தயங்கியவர், இரண்டாவதில் நிமிர்ந்தார்; மூன்றாவதில் சிரிக்கத் தொடங்கினார். கையை எடுத்ததும் திரையும் நின்றது.

"மெதுவாக்கா. கட்டைங்கல்லாம் பேந்துடப் போவுது," என்றார் மெக்கானிக்.

தவறு என்னுடையது என்று அக்காவிடம் சொன்னேன்.

"வுடு தம்பி. கல்ல கட்டிகினு ஓடினவளுக்கு அத அவுத்துட்டா, வேற இன்னா வேணும்?"

திங்களன்று தேர்வுக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து, வேலை கிடைத்த செய்தியோடும் ஒரு துணிப்பையோடும் வந்தார். படிப்பகத்தின் வழக்கம் அவருக்கும் தெரியும். பைக்குள் சிடி இருக்குமோ என்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் எடுத்தது, பூப்போட்ட துணியில் அளவெடுத்துத் தைத்த உறை. கணினிக்கு.

"பயப்படாதீங்க," என்றார். "இது ஓடாது. சும்மா மேல கெடக்கும்."

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தபா கப்பல வுடு தம்பி," என்றார் பாய்.

விட்டோம்.