விவாகரத்து நகல் வாங்கித் தரப்படும்

கல்யாணப் பத்திரிகையை ஆல்பத்தோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைக்கும் நம் மக்கள், விவாகரத்துத் தீர்ப்பை மட்டும் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் என்னைப் போன்ற வக்கீல் குமாஸ்தாக்களின் பிழைப்பு ஓடுகிறது. பெரம்பலூரிலோ அரியலூரிலோ குடும்ப நல நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புக்கு நகல் வேண்டுமென்றால் எங்கள் வக்கீல் என்னைத்தான் அனுப்புவார். ஏதாவது ஓர் அலுவலக ஜன்னல் முன்னால் நின்று "நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டிராதவர்கள் இதைப் படிக்க வேண்டாம். மற்ற எல்லோரும் நம்ம ஆட்கள். இப்படி வந்து உட்காருங்கள்.

போகியோடு போனது

குன்னத்திலிருந்து தமிழ்ச்செல்வி தன் அம்மாவோடு வந்தார். பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முதல் கணவரும் அவரும் மனமொத்து, சட்டப்படி பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது மறுமணம். ஆவணியில், கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் முகூர்த்தம். கோயிலில் மறுமணம் என்றால் முதல் திருமணம் ரத்தானதற்கு நீதிமன்ற முத்திரை வைத்த நகல் கேட்பார்கள், அது முறைதான். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வெல்டர். இந்த லீவு முடிந்தால் அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. நகல் வராவிட்டால் அந்தத் தேதியில் கல்யாணம் இல்லை. அந்தத் தேதியை விட்டால் கல்யாணம் உண்டா என்பதே சந்தேகம்.

"தீர்ப்பு வந்தப்பவே ஆளுக்கு ஒரு நகல் இலவசமா குடுத்திருப்பாங்களே, அது எங்க?" என்று கேட்டேன். தமிழ்ச்செல்வி அம்மாவைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. கிழிந்த பாய், ஓட்டை முறம், தேய்ந்த விளக்குமாறு ஆகியவற்றோடு மகளின் தீர்ப்பையும் போகியன்று வாசலில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார். நீதிமன்ற ஆவணத்தின் அருமை பெருமைகளைப் பற்றி நான் பேசத் தொடங்கினேன். அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "போகிக்கு வேண்டாததத்தானே தம்பி கொளுத்துவாங்க?"

பெயர் சொல்ல மாட்டேன்

நகல் கேட்க வழக்கு எண் வேண்டும். எண் இல்லையென்றால் வருடமாவது, பெயராவது வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று தமிழ்ச்செல்வி அம்மாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவிட்டார். எந்த வருடம் என்று கேட்டேன். "மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துச்சே, அந்த வருசம்" என்றார். எங்கள் பக்கத்தில் அது காலண்டரைவிடத் துல்லியமான கணக்கு. நீதிமன்ற இணையதளத்தில் பெரம்பலூரில் தேடினேன், இல்லை. முதல் மாப்பிள்ளையின் வீடு எந்த ஊர் என்றேன். விக்கிரமங்கலம் என்றார். அப்படியானால் அரியலூர் மாவட்டம். அங்கே தேடினால், தமிழ்ச்செல்வி என்ற பெயரில் ஒரு மகளிர் மாநாடே திரையில் வந்து நின்றது. "அந்த மாப்பிள்ளை பேரச் சொல்லுங்கம்மா, உடனே கண்டுபிடிச்சுடலாம்."

அம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். மருமகனாக இருந்தவரை மரியாதைக்காகச் சொல்லாத பெயரை இப்போது கோபத்துக்காகச் சொல்ல மாட்டாராம். மகளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. யார் கையிலோ ஊசி குத்திக்கொண்டிருந்திருப்பார். வேறு வழியில்லாமல் நானே அகர வரிசையில் ஆரம்பித்தேன். அன்பழகன், ஆனந்தன், இளங்கோ என்று போய், கதிரவனைத் தாண்டும்போது அம்மா பொறுமை இழந்து எழுந்தார். ஜன்னல் வழியாக எதிர்ச்சாரியில் ஒரு கடைப் பலகையைக் காட்டினார். 'வெற்றிவேல் எலெக்ட்ரிகல்ஸ்'. வழக்கு அடுத்த நொடி கிடைத்தது. படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, யார்மேலும் பழி விழக்கூடாது என்பதுபோலச் சொன்னார்: "கடைக்காரரு தங்கமான மனுசன் தம்பி. பேருதான் அப்படி அமைஞ்சிருச்சு."

எது போதும்?

தீர்ப்புரை வேறு, தீர்ப்பாணை வேறு. நீதிபதி காரணங்களை விளக்கி எழுதுவது முன்னது. முடிவாக என்ன உத்தரவு என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்வது பின்னது. எது வேண்டுமென்று நகல் மனுவில் குறிப்பிட வேண்டும். இப்படிப்பட்ட விஷயத்தைப் பாதியில் விட எனக்கு மனம் வராது. அரியலூர் போகும் பஸ்ஸில் தமிழ்ச்செல்விக்கு விளக்கத் தொடங்கி, ரோமானியர் சட்டம் வரைக்கும் போய்த் திரும்பினேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்ததால் அவருக்கும் தப்பிக்க வழியில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ரெண்டுல எதைக் காட்டுனா சார் தாலி கட்ட விடுவாங்க?"

நல்ல நேரம்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தமிழ்ச்செல்வியின் தாய்மாமா சேர்ந்துகொண்டார். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். நாங்கள் நகல் பிரிவு ஜன்னலை அடைந்தபோது ராகு காலம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மாமா மனுவை என் கையிலிருந்து நைசாக வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மனுவைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ராகு போவதற்குள் ஜன்னல் மூடிவிடுமோ என்று எனக்குக் கவலை.

"முதல் கல்யாணத்துக்கும் ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்துத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் கொஞ்சம் விஷமம் இருந்தது உண்மைதான். மாமா அசரவேயில்லை. "கல்யாணத்துக்குப் பார்த்தோம் சார். தீர்ப்பு வாங்கத்தான் நேரம் பார்க்காமப் போயிட்டோம். அதான் நெருப்புல போச்சு."

ஒத்த கருத்து

ராகு விலகியதும் மனுவைக் கொடுத்துவிட்டோம். ஆனால் முகூர்த்தம் நெருங்க நெருங்க நகல் மட்டும் நெருங்கவில்லை. ஆவண அறையில் அந்த வழக்கின் கட்டு இல்லை என்றார்கள். தமிழ்ச்செல்வி தினமும் காலையில் போன் செய்வார். முதலில் "என்னாச்சு சார்?" என்று கேட்டவர், பிறகு "சார்?" என்று மட்டும் கேட்டார், கடைசியில் பெருமூச்சு மட்டும் விட்டார். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

அரியலூரில் எனக்கு ஒரு தொழில் நண்பர் உண்டு, ஜமால் பாய். அவரும் குமாஸ்தாதான். விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். கட்டு எங்கேயும் காணாமல் போகவில்லை. அதே வழக்கில் இன்னொருவர் எங்களுக்கு முன்பே நகல் மனு போட்டிருந்ததால், கட்டு நகல் எடுப்பவர் மேஜையில் இருந்தது. அந்த இன்னொருவர் வெற்றிவேல். கடைக்காரர் அல்ல, முன்னாள் கணவர். அவருக்கும் மறுமணம். போனில் ஜமால் பாயின் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "ஒரு விஷயத்துலயும் ஒத்துப்போகலைன்னு எழுதிக் குடுத்துப் பிரிஞ்சிருக்காங்கண்ணே. மாஷா அல்லா, இப்ப ஒரே மாசத்துல ரெண்டு பேருக்கும் முகூர்த்தம்!"

முன்னாடி போறவங்க

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை கோயில் அலுவலகத்தில் நகலைக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தமிழ்ச்செல்வியும் நானும் ஜன்னல் முன்னால் நின்றோம். அவருடைய நகல் தயாராகி, மூலத்தோடு ஒப்பிட்டும் பார்த்தாகிவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி. கையெழுத்துப் போட வேண்டியவர் மகளின் வளைகாப்புக்காக மதியத்தோடு கிளம்பிவிட்டார். திங்கட்கிழமைதான் வருவார். தமிழ்ச்செல்வி அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அப்போது எங்கள் பின்னால் ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து நின்றார். தமிழ்ச்செல்வி திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெற்றிவேலின் நகல் காலையிலேயே கையெழுத்தாகித் தயாராக இருந்தது. வாங்கினார். போகாமல் நின்றார். "உனக்கு எப்ப?" என்று கேட்டார். "நாளன்னிக்கு" என்றார் இவர், ஜன்னல் கம்பியிடம். வெற்றிவேல் கையிலிருந்த நகலைப் பார்த்தார். அதில் இருவர் பெயர்களும் இருந்தன. யார் மனுப் போட்டு வாங்கினாலும் தீர்ப்பு ஒன்றுதான், எங்கே காட்டினாலும் செல்லும். இந்தச் சட்ட நுணுக்கத்தை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நகலை நீட்டிவிட்டார். "எனக்கு மாசக் கடைசியிலதான். நீ இதைக் கொண்டு போ. திங்கக்கெழம உன்னுது வந்தா நான் எடுத்துக்கறேன்."

தமிழ்ச்செல்வி வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவா வேண்டாமா என்று முகத்தில் ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் சொன்னார்: "கல்யாணத்துக்கு மட்டும் வந்துடாதீங்க. சாப்பாடு குடுத்தனுப்பறேன்."

அனுப்பினார். சனிக்கிழமை நகலைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை கல்லங்குறிச்சியில் மூன்று முடிச்சும் விழுந்தன. நான் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை புதுப்பெண்ணைக் கோர்ட்டுக்கு அலையவிடாமல், நானே நகலை வாங்கி, முந்தின நாள் ஜாங்கிரியும் முறுக்கும் அடங்கிய பையோடு வெற்றிவேலிடம் கொடுத்தேன். அவர் நகலை மடித்து வைத்தார். ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி ரசித்துவிட்டுச் சொன்னார்: "இவங்க வீட்டுப் பலகாரத்தைப் பத்தி மட்டும் அந்த விவாகரத்து மனுவுல நான் ஒரு குறையும் எழுதல சார், வேணும்னா எடுத்துப் பாருங்க."

குடும்ப நல நீதிமன்றம் என்று பெயர் வைத்தவர் பெரிய கிண்டல்காரராக இருக்க வேண்டுமென்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். மிச்ச ஜாங்கிரியை நானும் வெற்றிவேலும் பங்கு போட்டுத் தின்றதிலிருந்து அந்தப் பெயர் வைத்தவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.