கையில் கொடுக்காத கத்தி

முசரவாக்கம் ராஜவேலுவிடம் எத்தனை பேண்ட் இருந்தாலும் எல்லாவற்றிலும் வலது பாக்கெட் மட்டும் கிழிந்திருக்கும். இடது பாக்கெட் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும். வலது பாக்கெட்டில் முப்பத்தெட்டு வருஷமாக ஒரு மடக்குக் கத்தி குடியிருக்கிறது. வருஷத்துக்கு நாலு தடவை அவர் மனைவி பொன்னியம்மாள் அந்தப் பாக்கெட்டுக்கு ஒட்டுப் போடுவாள். ஒட்டுப் போடும்போது கத்தியைத் திட்ட ஆரம்பித்து, நூலை அறுப்பதற்குள் ராஜவேலுவிடம் வந்து முடிப்பாள். நூலை அறுப்பதும் அந்தக் கத்தியால்தான்.

பத்தொன்பது வயதில் லாரி கிளீனராக இருந்தபோது வாங்கியது அது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருவர் போர்வை விரித்துத் தன் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். டார்ச் லைட், ஸ்டவ், கம்பளித் தொப்பி, இந்தக் கத்தி. ராஜவேலு முதல் சம்பளத்தில் கத்தியை வாங்கினார். டார்ச் லைட்டை வாங்கியிருந்தால் வீட்டுக்காவது ஆகியிருக்கும் என்று பொன்னியம்மாள் இன்றைக்கும் சொல்வாள். அப்போது அவளுக்கும் அவருக்கும் அறிமுகமே கிடையாது என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எருமைக் கொம்புப் பிடி, இரண்டு பக்கமும் பித்தளை ஆணி. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, சோடா மூடி திறக்க ஒரு கொக்கி. தீட்டித் தீட்டிப் பெரிய அலகு பாதியாக இளைத்துவிட்டது. கத்தியைத் திறப்பதற்கென்றே ராஜவேலு வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தார். நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு சந்தோஷம். அறுக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொள்வார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் ஐம்பத்தேழு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அவர் கம்பெனி பஸ் டிரைவர். காலையில் பிள்ளையார்பாளையத்தில் ஆரம்பித்து, தறி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கத்தி கிடையாது. ஆனால் அறுத்துத் திறக்க வேண்டியது மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. ஆன்லைனில் வந்த பார்சலைப் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள், சாவியால் குத்திப் பார்ப்பார்கள், கடைசியில் "டிரைவர் அண்ணே, கத்தி" என்று வருவார்கள். பார்சல், கொய்யாக்காய், சட்டையில் தொங்கும் நூல், பூச்சரம் எல்லாம் அந்தக் கத்தியைத் தேடி முன் சீட்டுக்கு வரும். அப்போது ராஜவேலு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஆனால் கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். திறந்து, டேஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். வேண்டியவர்கள் அங்கிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் அங்கேயே வைக்க வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஊரில் மற்றவர்கள் அதைச் சும்மா சொல்கிறார்கள். ராஜவேலுவிடம் அத்தாட்சி இருந்தது.

அத்தாட்சியின் பெயர் டேனியல். பொன்னியம்மாளின் தம்பி, பெயிண்டர், வீடு ரெண்டு தெரு தள்ளி. தொண்ணூற்றாறில் கிரிக்கெட் மேட்ச் பார்ப்பதற்காக டேனியல் வீட்டு மாடியில் ரெண்டு பேரும் ஆன்டெனா கட்டினார்கள். ஒயரைச் சீவ டேனியல் கையை நீட்ட, ராஜவேலு ஏதோ ஞாபகத்தில் கத்தியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்ப வேண்டும் என்றான் டேனியல். பக்கத்து ஊர் கூரம் பக்கம்தான் என்றார் ராஜவேலு. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஆன்டெனா கீழே விழுந்து, மேட்ச் பார்க்க வந்திருந்த தெருவே ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போயிற்று. கத்தியை டேனியல் ஒரு தட்டில் வைத்து அக்காவிடம் அனுப்பினான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும், "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளுக்கா" என்று பொன்னியம்மாள் வழியாகத்தான். இருபத்தொன்பது வருஷம். இத்தனைக்கும் டேனியல் ஒருவன்தான் அவருக்குச் சிநேகிதன் என்று சொல்லும்படி இருந்தவன். அந்த வருத்தத்தை ராஜவேலு யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் கத்தி செய்த வேலை என்று மட்டும் சொல்லுவார்.

இப்படி இருக்கையில் மகள் பிரவீனாவுக்கு அதே தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. ரெண்டே வருஷத்தில் பஸ் கேட்டுக்கு சூப்பர்வைசர் ஆனாள். டிரைவரின் மகளை டிரைவர்கள் வரும் கேட்டில் போடலாமா என்று அவள் மேலதிகாரி சபாபதிக்குச் சந்தேகம். ஒரு மாசம் பார்ப்போம், சலுகை காட்டுவது தெரிந்தால் பின்பக்கம் ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அவள் பதவியேற்ற அதே திங்கட்கிழமை புது உத்தரவும் அமலுக்கு வந்தது. இனிமேல் கத்தி, பிளேடு எதுவும் கேட்டுக்குள் வரக் கூடாது, டிரைவர்களுக்கும் சேர்த்துத்தான். முன்னே அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டு, இப்போது அவளுக்குக் கீழே நிற்கும் சந்தோஷ்குமார் ஒரு துண்டு கொய்யாக்காய்க்குக் கண்ணை மூடிக்கொள்வான். பிரவீனாவுக்குக் கொய்யாக்காய் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமையே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். திங்களும் செவ்வாயும் ராஜவேலு கத்தியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனார். ரெண்டு நாளும் வண்டி அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த வலது கை அதுபாட்டுக்குப் பாக்கெட்டுக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. பார்சலோடு வந்த பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்லும்போது வேலையே போய்விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. புதன்கிழமை காலையில் மகன் ஜோசுவாவின் காலேஜ் ஷூவை எடுத்து மாட்டி, கத்தியை சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கத்தி பஸ்ஸை விட்டு இறங்கவே போவதில்லை, அதனால் உத்தரவை மீறியதாகாது என்று மாதாவிடம் மட்டும் விளக்கம் சொன்னார்.

எட்டு இருபதுக்கு பஸ் கேட்டில் நின்றது. பிரவீனா ஏறி வந்தாள். ஆயுசில் செருப்பைத் தவிர எதையும் காலில் போடாத மனுஷன் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மெட்டல் டிடெக்டரை எடுக்கவே இல்லை.

"டிரைவர் சார், ஷூவ கழட்டுங்க."

ஐம்பத்திரண்டு பேர் பார்க்க ராஜவேலு ஷூவைக் கழற்றினார். கத்தி வெளியே வந்தது. வழக்கம்போல அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். வைக்காதீங்க என்று பிரவீனா அவசரமாகத் தடுத்தாள். பறிமுதல் செய்யும் பொருளைக் கையில்தான் வாங்க வேண்டும், கேமராவில் அது தெரிய வேண்டும். கீழே வைத்துவிட்டால் அது கேட்பாரற்ற பொருள். கேட்பாரற்ற பொருளை எந்தக் காவலரும் தொடக் கூடாது, பஸ்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆளை வரவழைக்க வேண்டும். டிரெயினிங்கில் மூன்று நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

"கைல குடுக்க மாட்டேன்மா" என்றார் ராஜவேலு. "உனக்குத் தெரியாதா இன்னா."

தெரியும். அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான். அம்மாவிடம் அரிவாள்மணை வாங்குவதென்றால்கூட கீழே வைக்கச் சொல்லித்தான் எடுப்பாள். அவள் நீட்டிய கை கொஞ்சம் பின்வாங்கியதைப் பின் சீட்டு வரைக்கும் எல்லாரும் பார்த்தார்கள்.

பின்னால் நாலு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தன. எட்டரைக்குள் பஞ்ச் வைக்காவிட்டால் அரை நாள் போச்சு. பஸ்ஸுக்குள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கர்ச்சீப்பில் சுற்றிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். கேமராவுக்குக் கத்தி தெரியாது என்றாள் பிரவீனா. சந்தோஷ்குமார் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கட்டும் என்றார் இன்னொருவர். ரெண்டு பக்கமும் சண்டை தன் தலையில் விழும் என்று சந்தோஷ்குமார் கேட்டின் அந்தக் கோடிக்கு நடந்தே போய்விட்டான். நெசவுக்காரர் வீட்டுப் பெண் தேவிப்ரியா மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள். கொய்யாக்காயில் கத்தியைக் குத்தி, கொய்யாக்காயைக் கொடுக்கட்டும். கேமராவுக்குக் கத்தி, மற்றதுக்கெல்லாம் பழம். பஸ்ஸே கை தட்டியது. ராஜவேலு தன் பையிலிருந்து கொய்யாக்காயை எடுப்பதற்குள், கண்ணாடி ரூமிலிருந்து சபாபதி இறங்கி வந்துவிட்டார். வெளிச் சாப்பாட்டுக்கும் கேட்டில் தடை இருக்கிறது என்று பிரவீனாவுக்கு ஞாபகப்படுத்தினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜவேலுவும் மகளின் முகத்தைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஆள் அவள் ஒருத்திதான். பொன்னியம்மாளுக்குத் திட்ட நேரம் போதாது, ஜோசுவாவுக்கு போன் போதும். கத்தியைக் கொடுத்தால் அவளும் போய்விடுவாள். கொடுக்காவிட்டால் அவள் ஸ்கிராப் யார்டுக்குப் போவாள். கத்தியை மகள் கையிலேயே வைத்தார். பிரவீனா அதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கத்தியைத் திருப்பி வாங்கினார். திருப்பித் தருவதும் கைக்குக் கைதானாம். ஒரே நாளில் ரெண்டு தடவை. பிரவீனா பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள், முசரவாக்கம் வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரம்பித்துவிட்டது என்று ராஜவேலு கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டினார். வீட்டுக்குள் ஷூவைக் கழற்றியதுமே சண்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே சொல்லியும் கொண்டுவந்து ஊர் முன்னால் தன் மானத்தை வாங்கினார் என்றாள் அவள். ஐம்பது பேர் முன்னால் பெற்ற தகப்பனை ஷூ கழற்ற வைத்தாள் என்றார் இவர். எனக்கு இந்த வேலை வேணாமா சொல்லுங்க என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். ராஜவேலு கணக்குப் போட்டார். டேனியலுக்கு ஆனது மாதிரி இருபத்தொன்பது வருஷம் என்று வைத்துக்கொண்டால், இவள் மறுபடி பேசும்போது அவருக்கு எண்பத்தாறு வயது. அப்போது பேசினாலும் காதில் விழாது. அதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பிரவீனா தலையை வாரிக்கொண்டே வந்து, "அப்பா, என் ஐடி கார்ட பாத்தீங்களா?" என்றாள்.

ராஜவேலு டம்ளரைக் கீழே வைத்தார். "என்னோட பேசுறியாம்மா?"

"ஏன், பேசாம?"

"நேத்து சண்ட போட்டமே."

"போட்டோம். முடிஞ்சிப்போச்சு. டைம் ஆவுதுப்பா, எந்திரிங்க."

ஐடி கார்டு டிவி மேல் இருந்தது. அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ராஜவேலுதான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். கத்தியால் வரும் சண்டை ஒரு ராத்திரிதான் தாங்குகிறது. அப்படியானால் மிச்ச இருபத்தொன்பது வருஷம் யார் வேலை? அன்றைக்கு தேவிப்ரியாவின் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய், அந்தப் பெண் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வர வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டு மரத்துக் கொய்யாப்பழம் ஒன்றையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ரெண்டு தெரு நடந்தார். டேனியல் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பெயிண்ட் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை வருஷம் ஓரக்கண்ணால் பார்த்ததில் ராஜவேலு அதைக் கவனிக்கவில்லை. மாமா வந்து நிற்பதைப் பார்த்த டேனியல், வழக்கம்போலக் கேள்வியை அனுப்புவதற்கு அக்கா எங்கே என்று அவர் முதுகுக்குப் பின்னால் தேடினான். அக்கா வரவில்லை.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "டேனியலு, ஆன்டெனா மெட்ராஸ் பக்கம்தான் இருந்திருக்கணும்" என்றார் ராஜவேலு. "நீ சொன்னதுதான் கரெக்டு."

டேனியல் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். மாடியில் வட்டமான டிஷ் ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு டேனியல் உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். ராஜவேலு உட்கார்ந்து கொய்யாப்பழத்தை அவனிடம் கொடுத்தார். கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துக் கத்தியை 'டக்' என்று திறந்தார். இனி இதற்குப் பயப்படுவதில்லை என்று வேண்டுமென்றே பிடிப் பக்கத்தைத் திருப்பி, நீயே அறு என்று கையில் நீட்டினார்.

டேனியல் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கைல குடுக்காத மாமா. கீழ வை. இன்னொரு இருபத்தொம்பது வருசம் என்னால முடியாது."