உப்புப் பார்க்கிற வேலை

அத்தாவின் கை அந்தப் பிரஷர் பார்க்கிற பட்டைக்குள் அடங்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "பாய், உங்களுக்குன்னு தனியா ஒண்ணு தைக்கச் சொல்லணும்" என்று சிரித்தார். கம்பவுண்டர் வந்து பட்டையின் நுனியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ரப்பர் பந்தை அழுத்த அழுத்தப் பாதரசம் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இன்னொரு தடவை பார்த்தார். பட்டையை அவிழ்த்தார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், மருந்துச் சீட்டைப் படிக்க மகள் என்னைக் கூட்டிப்போயிருந்தார் அத்தா. கொஞ்ச நாளாகப் பின்மண்டையில் வலி என்றார். பள்ளிவாசல் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பித்தம் என்று நாங்கள் இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"பாய், ஆடு வாங்க வடமதுரைச் சந்தைக்குப் போறீங்கள்ல, அங்க பார வண்டி பாத்திருப்பீங்க" என்றார் டாக்டர். "ரெண்டு மூட்டை ஏத்துற வண்டியில பத்து மூட்டைய ஏத்துனா என்ன ஆகும்? அதுலயும் மேட்டுல ஓட்டுனா? மாடு மொதல்ல தம் கட்டி இழுக்கும். இழுத்து இழுத்து அதுக்குச் சதை முறுக்கேறும். பாக்குறவனுக்கு நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். பெறகு ஒரு நாளு நட்ட நடு ரோட்டுல படுத்துரும். உங்க நெஞ்சு இப்ப அந்த மாடுதான். உடம்பு மூட்டை, ரத்தக் கொதிப்பு மேடு."

ரத்தக்குழாய் இறுகிப்போய்விட்டது, அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயம் தடித்துவிட்டது என்றார். இனித் தளர ஆரம்பித்தால் காலில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு நுரையீரலில் ஏறும் என்றார். "ஏறுனா?" என்று கேட்டது நான்தான். அவர் என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார், பதில் சொல்லாமல் எழுத ஆரம்பித்துவிட்டார்.  டாக்டர் பதில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார். கொழுப்பைக் குறை, உடம்பைக் குறை என்றார். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு கூடாது, ஒரு கல் கூடாது என்றார். உப்புதான் உடம்பில் நீரைப் பிடித்து வைக்குமாம்.

பிரியாணிக்கடைக்காரரிடம் போய் உப்பும் கொழுப்பும் கூடாது என்றால்! கடை பேகம்பூர்ப் பக்கம் ரோட்டைப் பார்த்து இருந்தது. பின்னால் முற்றம், அதில் விறகடுப்பு. முற்றத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. பிறந்ததிலிருந்து எங்கள் துணியெல்லாம் நெய்யும் பட்டையும் மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் பசிக்கிறது என்பாள் ஒருத்தி. அத்தாவின் உடம்புதான் கடைக்கு போர்டு. "மொதலாளியப் பாத்தாலே தெரியலையா, உள்ள போயி சாப்புடுங்கப்பா" என்று ஆட்கள் வழியில் போகிறவர்களைக் கூப்பிடுவார்கள். மெலிந்தவன் சமைத்ததை எவன் தின்பான்? அம்மாவும் அத்தாவுக்குச் சளைத்த உடம்பில்லை. "மாஷா அல்லாஹ், ஜோடிப் பொருத்தம்" என்று கல்யாண வீடுகளில் கேலி செய்வார்கள். அம்மாவுக்கு அதில் பெருமைதான்.

ஆனால் அம்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. அன்றைக்கே அத்தாவின் சோற்றுக்குத் தனிப் பானை வந்துவிட்டது. உப்பில்லாத சோறு, உப்பில்லாத வெஞ்சனம். ஊறுகாய் ஜாடி, கருவாட்டுச் சட்டி, அப்பளம் எல்லாம் சித்தி வீட்டுக்குப் போய்விட்டன. முதல் வாய் வைத்ததும் அத்தா கேட்டார்: "ஏம்மா, நா உசுரோடதான இருக்கேன்?"

"இருக்கணும்னுதான் இம்புட்டுப் பாடு. பேசாம தின்னுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

இத்தனை செய்தும் கால் வீங்கியது. மதியம் கடைக்கூட்டம் ஓய்ந்ததும் அத்தா சாய்வு நாற்காலியில் கண்ணயர்வார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று பாயை விட்டுவிட்டார். நான் கிட்டே போய் அவர் கணுக்காலில் விரலை வைத்து அமுக்குவேன். பிசைந்த மாவில் அமுக்கினதுபோலக் குழி விழும். குழி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். வரவே வராது. அல்லா, நெஞ்சு வரைக்கும் ஏறிவிடாமல் பார்த்துக்கொள் என்று துவா கேட்பேன். அவர் குறட்டை நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். திரும்பக் குறட்டை வந்தால்தான் நகர்வேன்.

டாக்டர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்லாதீங்கம்மா. யாரோ உப்புப் போடுறீங்க."

"என் புள்ளைக மேல சத்தியமா இல்லீங்க டாக்டரு! நா போடுவேனா?" என்று அம்மா அழுதேவிட்டாள். வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். வீட்டுக்குள் திருடன் இருப்பதுபோல ஆகிவிட்டது. எந்தக் கை அத்தாவைக் கொல்கிறது என்று தெரியாமல் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அப்படியே நோன்பு மாசம் வந்தது. நோன்பு வைக்காதீங்க என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். அத்தா கேட்கவில்லை. மாத்திரையை விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று விழுங்கிக்கொண்டார். இந்த மாசம் தாண்டாது என்றே நான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? வீக்கம் வடிந்தது. மாசத்தின் நடுவிலேயே கால் எலும்பு தெரிந்தது. அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார். அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "நோன்போட பரக்கத்து. டாக்டருக்கு என்ன தெரியும்?" நானும் அப்படித்தான் நம்பினேன். பெருநாளைக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டு அத்தா நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளிலேயே செருப்பு மறுபடி ஏறவில்லை.

அன்றைக்கு முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அடுப்பில் பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரமான தேக்சா கொதித்தது. அரிசி போடுவதற்கு முன் உலைத்தண்ணீரில் உப்புப் பார்க்க வேண்டும். வாயில் வைத்தால் கரிக்க வேண்டும், அப்போதுதான் அரிசி இழுத்துக்கொண்டு சரியாக நிற்கும். எங்கள் கடையில் அந்த வேலையை அத்தாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. சமையல் மாஸ்டருக்கே அனுமதி கிடையாது. கைப்பக்குவம் பிடிபட்டால் நாளைக்கே எதிரில் கடை போட்டுவிடுவான் என்ற பயம். மாஸ்டர் ஒதுங்கி நிற்க, அத்தா கரண்டி நிறைய மொண்டார், ஊதினார், குடித்தார். கண்ணை மூடி யோசித்தார். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு, இன்னொரு கரண்டி மொண்டு குடித்தார். பிறகு அடுத்த தேக்சாவுக்குப் போனார்.

பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. நோன்பில் அத்தா நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார், வாயும் கொப்பளிப்பார். விழுங்கினால் நோன்பு முறிந்துவிடுமே! மாசம் முழுக்கத் துப்பினார், கால் வடிந்தது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அத்தா, குடிக்காதீங்க! அதுதான் அத்தா, அந்த உப்புதான்!"

அத்தாவுக்குப் புரியவே இல்லை. "இது வேலைல்ல தாயி? இதையா சாப்பாட்டுக் கணக்குல சேக்குற?" என்றார். எங்களை ஏமாற்றுகிற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. வீட்டில் தின்றதுதான் அவருக்குச் சாப்பாடு. டாக்டர் கேட்டபோதும் சத்தியமாக உப்பே சேர்ப்பதில்லை என்று நெஞ்சைத் தொட்டுத்தான் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு துப்பிப் பார்த்தார். கடைக்கும் முற்றத்துக்கும் நடுவில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஒட்டன்சத்திரத்து வெண்ணெய் வியாபாரி ஒருத்தர் கை கழுவ வந்தவர் பார்த்துவிட்டார். "ஏனுங்க பாய், உங்க கடைச் சாப்பாட்ட நீங்களே துப்பறீங்க, எங்கள மட்டும் திங்கச் சொல்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கடையே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார், தின்னவில்லை. மறுநாளிலிருந்து பழையபடி விழுங்க ஆரம்பித்துவிட்டார். அம்மா கத்தினாள். நான் கெஞ்சினேன். "மானம் போனா கடை போச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன் கூட்டம் வரும் என்று தேக்சாக்கள் கூடுதலாக ஏறியிருந்தன. முற்றத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். அத்தா தரையில் உட்கார்ந்து கையை ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். நெஞ்சுக்குள் சலசலவென்று சத்தம். வாயோரம் ரோஸ் நிறத்தில் நுரை.  நுரையீரலில் ஏறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லாமல் விட்டது அதுதான். அத்தா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்ததும் பயம்தான். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் பயந்தது நாங்கள் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மாஸ்டர் சைக்கிளில் பறந்து டாக்டரைக் கூட்டிவந்தார். அத்தாவின் கையிலும் தொடையிலும் ரப்பர் பட்டைகளைக் கட்டி, மாற்றி மாற்றி அவிழ்த்தார் டாக்டர். நெஞ்சுக்குத் திரும்புகிற ரத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன் என்றார். ஊசி போட்டார். அத்தா பிழைத்தார். சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொன்னபோது தண்ணீர் கேட்டார்.

அம்மா எழுந்தாள். ராத்திரி வியாபாரத்துக்கு உலை கொதித்த அடுப்புக்கு நேராகப் போய் மாஸ்டர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "இனிமே உப்பு நாந்தான் பாப்பேன். கடைக்குள்ளயா வரப்போறேன்? என் வீட்டு முத்தத்துல நிக்கிறேன். எவன் கேக்குறான் பாக்குறேன்" என்றாள். உலைத்தண்ணீரை மொண்டு ஊதிக் குடித்தாள். "ஒரு கை கொறையுது" என்றாள். மாஸ்டர் அத்தாவைப் பார்த்தார். அத்தா முற்றத்தில் போட்ட கட்டிலில் சாய்ந்தபடி தலையாட்டினார்.

அம்மாவின் நாக்கு அத்தாவுடையதைவிடத் துல்லியம். கடைக்குப் பேர் கூடியது. அத்தாவுக்குக் கால் வடிந்தது, உடம்பும் இறங்கியது. போர்டு மெலிந்துவிட்டதென்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். நானும் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பதை நாள்பட விட்டுவிட்டேன். மாசா மாசம் அத்தாவுக்குப் பிரஷர் பார்க்க அம்மாவும் கூடவே போவாள். டாக்டருக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, "எம்புட்டு இருக்கு டாக்டரு? எறங்கியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டுவருவாள். இடையில் தலைவலி என்று அவள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்ததுண்டு. அடுப்புப் புகை என்பாள். புகைதான் என்று நாங்களும் இருந்தோம்.

அடுத்த நோன்புக்குச் சில வாரம் முன்பு, காலை வெயில் முற்றத்தில் இறங்குகிற நேரத்தில், இரண்டாவது தேக்சாவிடம் போன அம்மா அப்படியே சரிந்தாள். நான் தூக்கிப் பிடித்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணிபோலத் தொங்கியது. ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல் வரவில்லை. எச்சில்தான் வந்தது.

டாக்டர் வந்து அந்தக் கையில் பட்டையைச் சுற்றினார். நுனி எட்டவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். பார்த்துவிட்டு, இன்னொரு கையிலும் பார்த்தார்.

"தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன்" என்றார். "ரொம்ப நாளாவே இருந்திருக்கணும் இந்தக் கொதிப்பு. இதுக்கு முன்னாடி இவங்களுக்கு யாராச்சும் பாத்தீங்களா?"

 அத்தா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஏதோ ஆளை மாற்றிப் பார்த்துவிட்டார் என்பதுபோல அவரையே பார்த்தார்.

"அவளுக்கு ஏன் பாக்கணும் டாக்டரய்யா?" என்றார். "நோயாளி நான்ல?"