குத்தகை மண்ணில் உருளைக்கிழங்கு

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். "தினமும் இத அமுக்கச் சொல்லுங்கம்மா. அவரா ஆசப்பட்டு அசைச்சாத்தான் கை திரும்பும். சும்மா படுத்துட்டார்னா அப்படியே நின்னுடும்" என்று டாக்டர் சொன்னார்.

இவர் பந்தை வாங்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் உருட்டிவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது ஊருக்கே தெரியும். "இன்னா பச்சக் கொழந்தையா நீங்க? நான் ஒருத்தி எத்தினி வாட்டி குனியறது?" என்று கத்திவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தச் சுவர்தான் அவருக்கு எல்லாம். சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டார், கேட்டதற்கு "ம்" என்றார், திரும்பவும் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

கச்சிராயபாளையத்தில் அணை வாய்க்கால் பாய்கிற குத்தகை நிலம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் பழகிவிட்டது, நிலம் வேறொருவருடையது. கரும்பும் நெல்லும் போட்டோம், ஓரத்தில் கொஞ்சம் காய்கறி. இவர் விழுந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். குத்தகையை விட்டு வரும்போது அந்த நிலத்தில் ஒரு வண்டி மண் அள்ளிவந்து வீட்டுப் பின்பக்கம் கொட்டி வைப்பது எங்கள் மாமனார் காலத்திலிருந்து இந்த வீட்டுப் பழக்கம். எதற்கு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கொழுந்தனார் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மழை ஓய்கிற சமயம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய்கறிக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு எல்லாம் முளைவிட்டுக் கிடந்தது. குப்பைக்கென்று தனியாக எடுத்துப் போட்டேன். கட்டில் கிறீச்சிட்டது. நிமிர்ந்தால் இவருடைய வலது கை, அந்தச் செத்த கை, மெல்ல என் பக்கம் வருகிறது. விரல்கள் மடங்கியபடியே ஒரு கிழங்கைத் தொட்டன. எடுத்தார், நழுவியது. மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மு...ள" என்றார்.

முளை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. "ஆமாங்க, முளதான், முளதான்" என்று பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். பந்தாம் பந்து! கரும்பு வெட்டின கைக்குப் பந்தா பிடிக்கும்?

உருளைக்கிழங்கு எங்கள் ஊர்ப் பயிரே இல்லை. கல்வராயன் மலையில் குளிருக்கு யாராவது போட்டுப் பார்த்திருக்கலாம். கீழே எங்களுக்கு அதைக் கடையில் வாங்கித்தான் தெரியும். கொழுந்தனார் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணி, இது இன்னா ஊட்டின்னு நெனச்சிக்கினீங்களா?"

"ஊட்டியோ கீட்டியோ, உங்க அண்ணன் கைய நீட்டினாரு. நாலு உரச் சாக்கு கொண்டாந்து போட்டுட்டு அப்புறம் சிரிங்க" என்றேன்.

மகள் சென்னையிலிருந்து போனில் வீடியோ அனுப்பினாள். புது மண் வாங்கு, தேங்காய் நார்த்தூள் கல, அது இது என்று. நானும் செம்மண் சொல்லி வைக்கலாம் என்றுதான் இருந்தேன். இவர் தலையை ஆட்டினார். பின்பக்கத்து மண் குவியலைக் காட்டினார். "ந...ம்ம" என்றார். இரண்டாவது வார்த்தை. செம்மண் யோசனையை விட்டுவிட்டேன். அந்த மண்ணில் தொழு உரம் கலந்து சாக்கில் நிரப்பினோம். கிழங்கைக் கண் கண்ணாக வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி ஊன்றினோம்.

சாக்கின் வாயை மடித்து மடித்துக் கீழே இறக்கிவிட்டு, அடியில் மட்டும் மண் போட வேண்டும். செடி உயர உயர மடிப்பை ஏற்றி, தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். அதுதான் இவர் வேலை. நான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பேன். வலது கையால் ஒரு பிடி மண் எடுப்பார். பாதி வழியில் கொட்டிப்போகும், மீதி செடிக்குப் போய்ச் சேரும். ஒரு பிடி மண்ணுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். விடிந்ததும் அவராகவே காலைத் தரையில் வைத்து "ஏ" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் தோள் கொடுத்து, துவைக்கிற கல்லைத் தாண்டிக் கூட்டிப்போவேன். தண்ணி, போதும், வெயில் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது.

வந்த சீக்கை எல்லாம் விரட்டினோம். முதலில் இலை சுருண்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் பேன் குஞ்சு கணக்காகப் பச்சைப் பூச்சி மொய்த்துக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்தேன், போய்விட்டது. பிறகு கீழ் இலையில் வட்டம் வட்டமாகப் பழுப்புப் புள்ளி. மருந்துக் கடைக்காரர் கருகல் என்று சொல்லி ஒரு பொடி கொடுத்தார். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி அடுப்பில் போட்டேன். நான் செடிக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு காரணமாம். இவர் அதைப் பார்த்து ஒருநாள், "அடி...யில... ஊத்துடி!" என்று கத்தினார். ஐயோ, அந்தத் திட்டு! நான் அப்படியே செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா, புருஷன் திட்டினதுக்கா இந்தச் சிரிப்பு?" என்றாள். "ஆமாக்கா, உனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

பொங்கலுக்கு மகள் வந்துவிட்டுப் போனாள். செடிகள் இடுப்பு உயரம் நின்றன. அந்த வாரத்தில் காய் நறுக்கும் சின்னக் கத்தி காணாமல் போனது. ஒரு டீ கிளாசும் குறைந்தது. விருந்து வந்த வீட்டில் இதெல்லாம் சகஜம் என்றாலும், நான் விடுவேனா? இரண்டு நாள் எல்லாரையும் வைது தீர்த்தேன்.

பொங்கல் முடிந்த கையோடு மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. ஆற்று மணலில் சிறுவள்ளிக் கிழங்கு குவித்து விற்பார்கள். போகிறவர்கள் வாங்காமல் திரும்ப மாட்டார்கள். கொழுந்தனார் வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணி, கெழங்கு வாங்கினு வரட்டா?" என்று கேட்டார்.

"எதுக்கு? எங்க வூட்லயே கெழங்கு கீது. மாசி பொறக்கட்டும், உங்களுக்கே ஒரு கூட தர்றேன்" என்றேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அப்புறம்தான் நான் கவனித்தேன். கடைசிச் சாக்கில் ஒரு செடி உச்சி வெயிலில் தலை தொங்கிக் கிடந்தது. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே துவண்டிருந்தது. சாயங்காலம் நிமிர்ந்துகொண்டது. தாகம் என்று நினைத்து மறுநாள் ஒரு குடம் ஊற்றப்போனேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வே...ணாம்."

"காயுது பாருங்க, கண்ணு தெரியலயா?"

கையை விட்டுவிட்டார். நான் ஊற்றினேன். அடுத்து பக்கத்துச் சாக்கும் துவண்டது. அதற்கு அடுத்ததும். சாயங்காலம் நிமிர்ந்ததெல்லாம் நிமிராமல் போனது. பக்கத்து அக்கா மோர் தெளி என்றாள், மகள் போனில் மஞ்சள் தூள் என்றாள். நான் எல்லாம் செய்தேன். கோயிலுக்குக்கூட வேண்டிக்கொண்டேன், உருளைக்கிழங்குச் செடிக்கு! செடி செத்தால் இந்த மனிதர் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். என் மனசில் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

வாடின செடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தண்டைக் கிள்ளிப் பார்த்தார். "இது வாடல் நோய்ங்கம்மா. மண்ணுலருந்து ஏறி வருது. இதுக்கு மருந்து இல்ல. அந்த மண்ணுல முன்ன கத்திரி, தக்காளி எதனா போட்டிருந்தீங்களா?"

போட்டிருந்தோம். நிலத்தை விடுவதற்கு முந்தின பட்டத்தில் ஓரமாகப் போட்ட கத்திரி, காய்க்கிற நேரத்தில் ஒட்டுமொத்தமாகப் பச்சையாக வாடிப்போனது. விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் வரப்பில் நின்று தண்டை வெட்டி, கண்ணாடி கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டார். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக நூல் நூலாகப் பால் இறங்கியது. அதுதான் இந்த நோய்க்கு அடையாளமாம். பிடுங்கிக் கொளுத்துங்கள், இந்த மண்ணில் கத்திரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் ஆகாது என்றார். உருளைக்கிழங்கு என்றதும் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எங்கள் ஊரில் அதை யார் போடப்போகிறார்கள்? இவரும்தான் சிரித்தார். அதோடு மறந்தும் போனோம். ஒரு வண்டி மண்ணோடு அந்த நோயையும் வீட்டுப் பழக்கத்துக்கு அள்ளிக்கொண்டு வந்து வைத்திருக்கிறோம். அந்த மண்ணைத்தான் 'நம்ம' என்றார்.

அவரிடம் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். வெயில் அதிகம், எங்கள் ஊருக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடலாம். வந்தபோது அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சொன்னது பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை. நானே தண்டை வெட்டித் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனேன்.

கடைசிச் சாக்குக்குப் பின்னால், சுவரோரமாக அந்த டீ கிளாஸ் இருந்தது. பக்கத்தில் என் சின்னக் கத்தி. கிளாசில் ஒரு துண்டுத் தண்டு சாய்ந்து கிடந்தது. தண்ணீர் கலங்கி, தண்டு கொழகொழத்து, கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. நேற்று வைத்ததல்ல அது.

நான் உள்ளே துணி மடிக்கும்போதோ அடுப்படியில் இருக்கும்போதோ, அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இதைச் செய்திருக்கிறார். இடது கையால் கத்தி பிடித்து, செத்த கையால் தண்டைப் பிடித்து. எத்தனை முறை நழுவியதோ.

கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். விழித்துக்கொண்டார். கிளாசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எப்ப வெச்சீங்க?"

"பொங்...கல்."

"அப்பவே தெரியுமா?"

தலையை ஆட்டினார்.

எனக்கு வந்ததே கோபம்! "தெரிஞ்சிக்கினேவா தெனமும் எழுந்து வந்தீங்க? சாவப்போற செடிக்கா மண்ணு அள்ளிப் போட்டீங்க? நான் ஊரு பூரா கெழங்கு தர்றேன்னு சொல்லிக்கினு கீறேன், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. தாடை கோணியது. நான் அவசரப்படுத்தாமல் நின்றேன். அந்த வலது கை மெல்ல எழுந்து என்னைக் காட்டியது.

"நீ... சிரி...ச்ச" என்றார்.

கிளாசை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். நான் அவரை எழுப்பிக் கூட்டிப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கொழுந்தனார் வந்தார். செடிகளைப் பிடுங்கினோம். வேரில் கோலிக்குண்டு அளவுக்குக் கிழங்குகள் தொங்கின. ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக ஒரு வளையம், அமுக்கினால் சீழ் மாதிரி கசிந்தது. எல்லாவற்றையும் கொளுத்தினோம். மண்ணை என்ன செய்வது? "வாய்க்காங் கரையில கொட்டிட்றேண்ணே" என்றார் கொழுந்தனார். இவர் "வே...ணாம்" என்று பதறினார். வாய்க்கால் தண்ணீர் போகிற வயலுக்கெல்லாம் நோய் போகும். எடுத்த நிலத்திலேயே கொட்டலாம் என்றால், அங்கே இப்போது வேறொருவர் உழுதுகொண்டிருக்கிறார். கடைசியில் வீட்டுப் பின்பக்கமே குழி வெட்டி உள்ளே தள்ளி, மேலே சுண்ணாம்பு போட்டோம். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையால் கடைசியாக ஒரு பிடி மண் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் குழிக்குள் விட்டார்.

அடுத்த நாள் விடிந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன செய்ய? பின்பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அடுப்படியில் பாயிலேயே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். அவரும் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பார் என்று நினைத்தேன்.

"ஏ" என்று கூப்பிட்டார்.

எட்டிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே போய்த் தோள் கொடுத்தேன். எங்கே போவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.